டிரில்லர் சாப்பிடவில்லை

மூலக்காட்டுப்புதூரில் ஆண்களே கிடையாது என்று சொன்னால் அது பொய்தான், ஆனால் பெரிய பொய் இல்லை. பொங்கலுக்குப் பத்து நாள், மாரியம்மன் நோம்பிக்குப் பத்து நாள் என்று வந்து, வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த தூக்கத்தைத் தூங்கி, கறிச்சோறு தின்று, பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து வாயடைத்து, மறுபடியும் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விடுகிறவர்களை ஊர்க்காரர்கள் என்பதா விருந்தாளிகள் என்பதா என்று அந்த ஊர்ப் பெண்களுக்கே ஒரு முடிவு கிடையாது. திருச்செங்கோட்டைச் சுற்றி இப்படிப் பல ஊர்கள் உண்டு. ஆயிரம் அடிக்குத் தரையைத் துளைத்து யார் யார் தோட்டத்துக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர்களின் ஊர்கள், தங்கள் ஊரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊர்கள். அதைச் சொல்லி யாரும் அங்கே அழுவதில்லை, அதற்கெல்லாம் நேரமும் இல்லை.

அந்த ஊரில் மைனாவதியின் வீட்டில் ஒரு பச்சோந்தி இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு நோம்பிக்கு வந்திருந்த அவள் புருஷன் செங்கோட்டுவேல், வண்டி திருப்ப இடைஞ்சலாக இருந்த வேப்பங்கிளையை வெட்டும்போது கிளையோடு கீழே விழுந்த ஜீவனை, கால்விரலில் அடிபட்டிருக்கிறது என்று டிபன் கேரியரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பலகாரம் வைக்கிற பழைய வலை அலமாரியின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே முருங்கைக் கிளையைக் கட்டி, அதற்கு ஒரு வீடு செய்தான். ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, வைக்கலாமா வேண்டாமா என்று ஏழு தடவை யோசித்துப் பிறகு வைக்கிற அதன் நடையைப் பார்த்துவிட்டு, "நானும் துளைக்குள்ள ராடை எறக்கறதுக்கு முந்தி இப்படித்தான் ரோசனை பண்ணுவேன் அம்மிணி. இவன் நம்ம சாதி" என்று சிரித்தான். ரிக் வண்டியில் துளைபோடுகிற பெரிய வேலைக்காரனுக்கு டிரில்லர் என்று பெயர், செங்கோட்டுவேல் ஒரு டிரில்லர். ஆகவே பச்சோந்தியும் டிரில்லர் ஆயிற்று. ஆண் என்று யார் தீர்மானித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

செங்கோட்டுவேல் வடக்கே போன ஐந்தாம் நாள் காலையில், பச்சை முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்த டிரில்லரின் பாதங்களும் வயிறும் கருகருவென்று ஆகியிருந்தன. முதுகு மட்டும் அதன் சொந்த நிறத்தில், வெளுத்த பச்சையாக இருந்தது. மைனாவதி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனுக்கு போன் போட்டாள்.

"மாமா, அங்க கரிசல் மண்ணுங்ளா?"

"ஆமா, இன்னைக்குக் காத்தாலதான் மகாராஷ்டிராவுக்குள்ள வந்தோம். யார் சொன்னது?"

"டிரில்லருங்."

"ம்," என்றான் அவன். "சாப்டியா?"

அவ்வளவுதான் நடந்தது. அன்று முதல் நான்கு வருஷமாக, செங்கோட்டுவேலின் காலுக்குக் கீழே எந்த மண் இருந்ததோ அந்த மண்ணின் நிறம் டிரில்லரின் காலிலும் வயிற்றிலும் இருந்தது. செம்மண், சுக்கான் மண், ஆற்றோர வண்டல், பாறை உடைந்து துளைவழியே கிளம்புகிற வெள்ளை மாவு, எல்லாம் இருந்தது. தான் உட்கார்ந்திருக்கிற கிளையின் நிறத்துக்கு அது ஒருநாளும் மாறியதில்லை. பச்சோந்தி என்ற பெயரைக் கெடுக்கப் பிறந்த பச்சோந்தி என்று பக்கத்து வீட்டுச் சாந்தாமணி சொல்வாள்.

சாந்தாமணியின் புருஷன் கிட்டுசாமியும் அதே வண்டியில் வேலை செய்தான். அந்த வண்டியில் மொத்தம் பதினோரு பேர், பதினோரு பேரும் அதே தெரு. சாந்தாமணி பால் சொசைட்டியில் பால் அளந்து எழுதுகிறவள், கையில் எப்போதும் சாக்பீஸ் உள்ளவள். ஆகவே காலையில் கறந்த பாலோடு வருகிற பெண்கள் பார்க்கட்டும் என்று சொசைட்டி வாசல் கரும்பலகையில், பால் விலைக்குக் கீழே, "டிரில்லர்: செம்மண். ஈரம் இல்லை" என்றோ "டிரில்லர்: கரிசல். தண்ணீர் வந்துவிட்டது" என்றோ எழுதத் தொடங்கினாள். தண்ணீர் கண்ட அன்று டிரில்லரின் வயிறு நனைந்த மண்ணின் நிறத்தில் மினுங்கும். பதினோரு வீட்டுப் பெண்களும் பலகையைப் படித்துவிட்டு, அன்றைக்குப் புருஷன் போன் பேசும்போது எரிந்து விழுவானா கொஞ்சிப் பேசுவானா என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டார்கள். வண்டி முதலாளி தினமும் காலையில் ஆள் அனுப்பிப் பலகையைப் பார்க்கச் சொன்னார், வண்டி இடம் மாறாமல் மூன்று நாள் ஒரே நிறமாக இருந்தால், "அங்க என்னப்பா பண்றீங்க, தூங்கறீங்ளா?" என்று வடக்கே போன் போகும். இந்தப் பச்சோந்தி வந்ததிலிருந்து ஒரு பொய் சொல்ல வழியில்லை என்று பதினோரு பேரும் புலம்பினார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிவந்து மண் வகைகள் பாடத்தை அலமாரி முன்னால் நடத்தினாள். மாரியம்மன் கோயில் பூசாரி, இது அம்மன் காரியமா இல்லையா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரிக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார். ஆச்சரியப்பட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

இந்த ஆடி மாதம் வண்டி சத்தீஸ்கர் காட்டுக்குள் போனது. போகும் வழியில் செங்கோட்டுவேல் பேசினான். "இனிமே டவர் இருக்காது அம்மிணி. பத்துப் பதினஞ்சு நாள் ஆவும். டிரில்லரப் பாத்துக்க, நான் இருக்கறது தெரியும்." அதற்குப் பிறகு பதினோரு வீட்டிலும் போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும், ஆகவே யாரும் வெசனப்படவில்லை. பலகையில் "மஞ்சள் கலந்த செம்மண்" என்று எழுதியிருந்தது. பழைய செங்கல்லை இடித்தால் வருகிற பொடியின் நிறம் அது.

நான்கு நாள் கழித்து டிரில்லர் சாப்பிடுவதை நிறுத்தியது.

முதல் நாள் மைனாவதி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெட்டுக்கிளியை உள்ளே விட்டாள்; வழக்கமாக ஒரு கண் வெட்டுக்கிளியையும் மறுகண் மைனாவதியையும் பார்க்கும், பிறகு நாக்கு போய் வருவது தெரியாமல் வெட்டுக்கிளி காணாமல் போகும். அன்று இரண்டு கண்ணும் எங்கேயோ பார்த்தன. வெட்டுக்கிளி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாந்தாமணி பலகையில், "டிரில்லர்: மஞ்சள் கலந்த செம்மண். சாப்பிடவில்லை" என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தான் எழுதியதைத் தானே படித்து, சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

ஏனென்றால் பலகையைப் படித்த ஒவ்வொருத்திக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது, அதை ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் நிற்கிற மண்ணில் இது நிற்கிறது என்றால், இது சாப்பிடவில்லை என்றால், அங்கே அவன்?

மைனாவதிக்கு அந்த எண்ணம் எல்லாருக்கும் முந்தியே வந்துவிட்டது. அன்று மத்தியானம் அலமாரி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தவள், தன் வாழ்க்கையில் எதற்கும் வேண்டாத விதமாக வேண்டிக்கொண்டாள். தப்பு என்மேல் இருக்கட்டும். நான் தண்ணீர் சரியாக வைக்காமல் இருந்திருக்க வேண்டும், வெயிலில் போட்டு வாட்டியிருக்க வேண்டும், கெட்டுப்போன பூச்சியைக் கொடுத்திருக்க வேண்டும். நான் கவனமில்லாதவள், ஒரு வாயில்லா ஜீவனைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள், அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. இப்படி வேண்டிக்கொண்டு, தன் தப்பைத் தேட ஆரம்பித்தாள்.

தெருவே சேர்ந்து தேடியது. சாந்தாமணியின் மகள் போனில் யார் யாரோ பச்சோந்தி வளர்க்கிறவர்களின் வீடியோவைப் பார்த்து வந்து, "அத்தே, இது கிண்ணத்துல இருக்கற தண்ணியைக் குடிக்கவே குடிக்காதாம். எலையில சொட்டற தண்ணியைத்தான் நக்குமாம்" என்றாள். கிண்ணத்தில் நாலு வருஷமாகத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் மைனாவதி. தினமும் கிளைக்குத் தண்ணீர் தெளித்ததால்தான் இத்தனை நாள் பிழைத்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சாந்தாமணியே பயந்துபோனாள். கிடைத்துவிட்டது, தப்பு கிடைத்துவிட்டது! ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை வாங்கி வந்து, பாட்டிலில் நீர் நிரப்பி, அலமாரிக்கு மேலே கட்டி, முருங்கை இலையில் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தார்கள். டிரில்லர் நக்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் வெட்டுக்கிளியைத் தொடவில்லை.

அப்படியானால் சூடு. அலமாரி தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்தது, மத்தியானத்தில் அங்கே அப்பளம் பொரிக்கலாம். தூக்கிக்கொண்டுபோய் முருங்கை நிழலில், காலை வெயில் மட்டும் படும்படி வைத்தார்கள். சாப்பிடவில்லை. அப்படியானால் பூச்சி, வெட்டுக்கிளி பிடித்துவந்த சோளக்காட்டுக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். மருந்தடிக்காத காடு எது என்று விசாரித்து, ஒன்றரை மைல் போய், பிடித்துவந்தாள். சாப்பிடவில்லை. தினமும் ஒரே தீனி என்றால் யாருக்கும் சலிக்காதா என்று கரப்பான், பட்டுப்புழு, எருக்குழிப் புழு என்று விதவிதமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிடவில்லை. எதிரே பீரோ கண்ணாடி இருந்ததால் அதில் தெரிகிற தன்னையே எதிரி என்று நினைத்துப் பயந்திருக்கும் என்றாள் சாந்தாமணியின் மகள், கண்ணாடிக்குச் சேலை போட்டு மூடினார்கள். வாயில் புண் இருக்கிறதா என்று மெதுவாகத் திறந்து பார்த்தார்கள், வாய் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றிப்போட்டார்கள், மிளகாய் நெடியில் தெருவே இருமியது, டிரில்லர் இருமக்கூட இல்லை.

ஒவ்வொரு காரணமும் கிடைத்தபோது மைனாவதியின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு காரணமும் பொய்த்தபோது, மிச்சம் இருந்த அந்த ஒரே காரணம் ஒரு அடி கிட்டே வந்தது.

பத்தாம் நாள் காலையில் அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனபோது, மண் நிறம் ஏறியிருந்தது. காலிலும் வயிற்றிலும் மட்டும் நாலு வருஷமாக இருந்த நிறம், விலாவைத் தாண்டி, முதுகைத் தாண்டி, தலைக் கொண்டையைத் தாண்டி, பச்சோந்திக்குக் கண்ணையே மூடியிருக்குமே அந்த உருண்டைத் தோல், அதுவரைக்கும் ஏறியிருந்தது. ஒரு ஊசிமுனை இடம் பாக்கியில்லை. மேலும் கீழும் எல்லாப் பக்கமும் அதே மஞ்சள் கலந்த செம்மண்.

மைனாவதி உள்ளே போய்த் தன் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துவந்து அலமாரியை நாலு பக்கமும் மூடினாள். பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். சாந்தாமணி வந்து கதவைத் தட்டி, "ஏனுங் அக்கா, பலகைக்கு என்ன எழுதறது?" என்று கேட்டபோது, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நேத்து மாதிரியேதான். எல்லாரும் வந்து வந்து பாக்கறதுல பயந்துக்குதாம். ஆள் மொகம் தெரியாம மூடி வெக்கோணும்னு உன்ற மக சொன்னால்ல, அதான் மூடிட்டேன்."

சாந்தாமணி பலகையில் "நேற்றுப் போலவே" என்று எழுதினாள். அடுத்த நாளும் அப்படியே எழுதினாள். மைனாவதி தினமும் சேலைக்குள் தலையை விட்டுப் பார்ப்பாள், வெளியே வந்து "நேத்து மாதிரியேதான்" என்பாள். பொய்யும் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தாள். அதோடு அந்த வண்டியில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள், டிரில்லர் அந்தப் பத்துப் பேரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் மகள் நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட விடுதியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பல்லி சாதி ஜீவனின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் பரீட்சையைக் கெடுப்பதா? உடம்புக்கு முடியாமல்தான் நிறம் இப்படி ஆகியிருக்கும் என்று காலையில் சொல்லிக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் அவளால் அதை நம்ப முடியவில்லை.

பதினைந்தாம் நாள், சாந்தாமணி பால் சொசைட்டி மாடுகளைப் பார்க்க வருகிற டாக்டரிடம் கெஞ்ச, அவர் தனக்குப் பச்சோந்தி தெரியாது என்று ஒரு கூட்டாளியை அனுப்பினார். டாக்டர் நர்மதா. கோழிப்பண்ணைகளைப் பார்க்கிறவர், காலையில் நாற்பதாயிரம் கோழி, மாலையில் அறுபதாயிரம் கோழி என்று பழகியவர், ஒரே ஒரு நோயாளிக்காகத் தெருவே கூடி நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"இதை வீட்ல வெக்கக் கூடாது, தெரியும்ல?" என்றார் முதலில்.

"தெரியுங்," என்றாள் மைனாவதி.

"தேறினதும் கரட்டுக் காட்டுல கொண்டுபோய் விட்டுடணும்."

"விட்டர்றனுங். மொதல்ல தேறட்டுங்."

கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மைனாவதி சேலையை விலக்கினாள். டாக்டர் டிரில்லரை உள்ளங்கையில் எடுத்துக் கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். பிறகு வயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் நின்றார். மறுபடி தடவினார். அவர் உதடு எண்ணியது. ஒன்று, இரண்டு, ஆறு, பதினொன்று.

"இதுக்கு என்ன பேர் சொன்னீங்க?"

"டிரில்லருங்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏங்க, தமிழ்நாட்டுக்கே முட்டை போடற சீமையில இருந்துக்கிட்டு, இத்தனை பொம்பளைங்க சுத்தி நின்னு, ஒருத்தருக்கும் தோணலையா? வயிறு முழுக்க முட்டைங்க. இருபதுக்கு மேல இருக்கும். எடமே இல்லை, எங்க சாப்பிடறது?"

தெருவில் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பதினைந்து நாளாக அடைத்துவைத்த சிரிப்பு, அடுத்த தெருவில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நாலு வருஷமாக வாய்யா போய்யா என்று கூப்பிட்ட பொம்பளை! டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சேவலே இல்லாம முட்டை எப்படிங்?" என்று ஒருத்தி கேட்க, "பண்ணைல லட்சக்கணக்குல கோழி என்ன சேவலோடயா குடும்பம் நடத்துது? அது மாதிரிதான். குஞ்சு பொரிக்காது, ஆனா வெச்சே ஆகணும். வெக்க மண் கிடைக்காமத்தான் தவிக்குது" என்றார் டாக்டர்.

மைனாவதி சிரிக்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நெறமுங்? மேலெல்லாம் இப்படி ஆயிருச்சுங்ளே. அதும் முட்டையாலதானுங்?"

"முட்டை இருக்கற பெட்டை நிறம் மாத்தும்ங்க. வழக்கம்தான். முட்டை வெச்சு ரெண்டு நாள்ல பழைய நிறம் வந்துரும்."

"வந்துருமுங்ளா?"

"வந்துரும்."

அந்த ஒரு வார்த்தையை வாங்கி மைனாவதி மடியில் முடிந்துகொண்டாள். பதினைந்து நாளில் அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு ருசித்தது. இவ்வளவுதான். முட்டை! அவள் வேண்டிக்கொண்ட தப்பு இவ்வளவு அழகாகக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

ஒரு முழ ஆழத்துக்கு ஈரமண் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். துளைபோட்டுப் பிழைக்கிற ஊரில் மண்ணைப் பற்றிக் கேட்டால் விடுவார்களா? ஆற்று மணல் சரிந்துவிடும் என்றாள் ஒருத்தி, செம்மண் இறுகிவிடும் என்றாள் ஒருத்தி, இரண்டையும் கலந்து, சலித்து, பிடித்தால் பிடிபடும் விட்டால் உதிரும் பதத்துக்கு நீர் தெளித்து, பெரிய பக்கெட்டில் நிரப்பி அலமாரிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் டிரில்லர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பதினெட்டாம் நாள் காலையில் இறங்கித் தோண்டத் தொடங்கியது.

சேலையை ஒரு பக்கம் விலக்கிவிட, தெருவே எட்ட நின்று பார்த்தது; மேலெல்லாம் ஏறிய நிறமும் முட்டையால்தான் என்று டாக்டர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். முன்னங்கையால் பறித்து, பின்னங்காலால் தள்ளி, நடுநடுவே நின்று யோசித்து, மறுபடி பறித்து, மத்தியானத்துக்குள் வால்நுனிகூடத் தெரியாமல் உள்ளே போய்விட்டது. மண்ணின் மேல் ஒரு துளைதான் தெரிந்தது. "நல்ல டிரில்லருங்," என்று சாந்தாமணி கிசுகிசுத்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு, ஒட்டிய வயிற்றோடு அது வெளியே வந்தது. வந்து, ஓய்வெடுக்காமல், திரும்பி நின்று துளையை மூடியது. மண்ணை இழுத்து இழுத்துப் போட்டு, மேலே ஏறி, காலால் அமுக்கி, இன்னும் கொஞ்சம் இழுத்து, இன்னும் அமுக்கி, அந்த இடத்தில் எதுவும் இல்லாதது போல ஆக்கியது. மைனாவதியால் அதைப் பார்க்க முடியவில்லை. பாதியிலேயே எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். என்னாச்சு என்று கேட்ட சாந்தாமணியிடம் பால் பொங்குகிறது என்றாள்.

பத்தொன்பதாம் நாள் டிரில்லர் சாப்பிட்டது. வெட்டுக்கிளி ஒன்று, இரண்டு, வரிசையாக ஏழு. ஒவ்வொரு தடவை நாக்கு போய் வந்தபோதும் வாசலில் குலவை சத்தம் கேட்டது. சாந்தாமணி ஓடிப்போய்ப் பலகையில், பால் விலையை அழித்துவிட்டு, பலகை முழுக்க, "டிரில்லர் சாப்பிட்டாள்" என்று எழுதினாள். பதினோரு வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். அங்கே அவனுக்குப் பட்டினியும் இல்லை, ஆபத்தும் இல்லை, எல்லாம் முட்டை என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். முதலாளியின் ஆள்கூட ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். மைனாவதிக்கு மூன்று வீட்டிலிருந்து பாயசம் வந்தது. மூன்றையும் குடித்தாள். அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று குடித்தாள்.

சேலை மட்டும் அலமாரியை விட்டு எடுக்கப்படவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, காற்றுப் படக்கூடாது என்று மைனாவதி சொன்னாள், தெரு ஒத்துக்கொண்டது. சேலைக்குள் அவள், தண்ணீர் தெளிக்கிற குப்பியை வைத்துக்கொண்டு டிரில்லரின் முதுகைக் கழுவினாள். குழிக்குள் போய்வந்த மண் ஒட்டியிருக்கலாம் அல்லவா? பஞ்சால் துடைத்தாள். கழுவின தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிவாக வந்தது. நிறம் போகவில்லை. முதல் நாள்தானே என்று சொல்லிக்கொண்டாள். டாக்டர் இரண்டு நாள் என்றார், இரண்டு நாள் ஆகட்டும். இருபதாம் நாள் டிரில்லர் ஒன்பது வெட்டுக்கிளி சாப்பிட்டது, தண்ணீர் நக்கியது, கிளையில் ஏறி இறங்கியது, கண்ணைத் துறுதுறுவென்று சுழற்றியது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கண்ணைச் சுற்றிய தோலில் மட்டும் அதே மண்.

இருபத்தோராம் நாள் காலையில் மைனாவதி சேலையை உருவி மடித்து வைத்தாள். பச்சைப் பசேல் என்ற முருங்கைக் கிளையில், காலை வெயிலில், டிரில்லர் தலை முதல் வால் வரை மஞ்சள் கலந்த செம்மண்ணாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் சரி, சூடு சரி, தீனி சரி, முட்டை வைத்தாயிற்று, பசி வந்தாயிற்று. இனித் தேடிப் பார்க்க அந்த அலமாரிக்குள் ஒரு தப்பும் பாக்கியில்லை. அவள் கிளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "மாமா," என்று கூப்பிட்டாள். நாலு வருஷத்தில் அந்தப் பச்சோந்தியை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்போது பக்கத்து வீட்டில் போன் அடித்தது. சாந்தாமணி கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள், "டவர் கெடச்சிருச்சு! டவர் கெடச்சிருச்சு!" என்று. தெருக் கதவெல்லாம் திறந்தன. ஓடி வர வர அவள் ஓட்டம் குறைந்தது, ஏனென்றால் போனில் அவள் புருஷன் அவளை விசாரிக்கவில்லை, பிள்ளையை விசாரிக்கவில்லை. வாசலுக்கு வந்தவள், அலமாரியில் இன்னும் மண் நிறமாகவே இருந்த டிரில்லரைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"உங்ககிட்டத்தான் மொதல்ல பேசோணுமாமுங்க்கா," என்று போனை நீட்டினாள்.

மைனாவதி வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லுங் தம்பி."

அந்தப் பக்கம் கிட்டுசாமி விசும்பினான்.

"அழுவாதீங்க. எனக்குத் தெரியும். பதினோரு நாளாத் தெரியும்."

"காய்ச்சலுங்க்கா," என்றான் அவன். "திடீர்னு வந்துருச்சுங். மொத நாள்லேர்ந்தே ஒரு வாய் சோறு எறங்கலீங். மழைன்னா மழை, ரெண்டு பக்கமும் ஆத்துல தண்ணி, வண்டி ஒரு அடி நவுரலீங். தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவ எறங்கிப் பாத்தோம், கழுத்து வரைக்கும் வந்துருச்சுங். ஒம்பதாம் நாள் பொழுதோட..." அதற்குமேல் அவனால் முடியவில்லை. "ஊருக்குக் கொண்டார வழியில்லீங்க்கா. மன்னிச்சுக்குங்க்கா."

"ஆழமாத் தோண்டுனீங்ளா?"

"ஆறடிங்."

"மழைக்கு மண்ணு அரிச்சிராதுங்ளே?"

"கல்லடுக்கி வெச்சிருக்கோமுங். மிசினு வெக்கலீங்க்கா. காலமெல்லாம் அந்தச் சத்தத்துல நின்னவரு, இப்பவாச்சும் வேண்டாம்னுட்டு, பத்துப் பேரும் கடப்பாறையும் கையுமாத்தான் தோண்டுனோமுங்."

மைனாவதி தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. சாந்தாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, அலமாரியைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா இருங் தம்பி," என்றாள் மைனாவதி. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க பத்துப் பேரும் சாப்பிட்டு எத்தன நாளாச்சுங்?"